யாரும் இல்லை என்று நான் எழுதிய தோப்பு

1

1973 டிசம்பர் 10, திங்கட்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது, ஐந்து இருபதுக்கு நின்றது. இரண்டு அண்டாக்களும் ஒரு தகர டிரம்மும் நிரம்பின. ஆறு மணிக்கெல்லாம் போர்ட் பிளேரில் வெயில் முகத்தில் அடிக்கும். நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்பதால், ஊரில் நீங்கள் போர்வைக்குள் இருக்கும்போது நாங்கள் துணி உலர்த்தி முடித்திருப்போம். மாலை ஐந்துக்கு இருட்டத் தொடங்கிவிடும். பதினேழு ஆண்டுகளாகியும் உடம்பு இந்த நேரத்துக்குப் பழகவில்லை.

மெட்ராஸ் கப்பல் வந்து பன்னிரண்டு நாளாகிறது. கடைத்தெருவில் உருளைக்கிழங்கு இல்லை, வெங்காயம் இல்லை. என் மனைவி சரோஜா பப்பாளிக்காய்க் கூட்டு வைத்திருந்தாள், இந்த வாரத்தில் நான்காவது முறை. மகள் வசந்தி தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "அப்பா, நாளைக்கு பிரேயர்ல நான் மானவ் அதிகார் பத்தி பாஷண் குடுக்கணும். பாயிண்ட்ஸ் சொல்லுங்க" என்றாள். மனித உரிமை என்று தமிழில் சொல்லேன் என்றேன். "அது பேசறதுக்கு ஹெவியா இருக்கு" என்றாள். பதினைந்து வயது. தமிழ் பேசுவாள். வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள்.

எட்டு ஐம்பதுக்கு டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருக்கும் வீட்டிலிருந்து புறப்பட்டேன். நான் எழுத்தராக இருக்கும் நிலப் பதிவு அலுவலகம் முப்பத்தைந்து நிமிட நடை. வழியில் சேகு மரைக்காயரின் கடை. கீழக்கரைக்காரர், கொப்பரையும் பலசரக்கும் வைத்திருக்கிறார்.

"என்ன பாபு, இன்னைக்கு மனுசனுக்கு உரிமை குடுக்குற நாளாமே, ரேடியோவுல சொன்னான்" என்றார். "நம்ம பங்கை எந்த ஜன்னல்ல வாங்கிக்கணும்?"

"உங்களுக்குப் போன வருஷமே குடுத்தாச்சு, கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றேன். சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, தெற்குத் தீவிலிருந்து ஒரு நிக்கோபாரி வந்து தன் கடையின் பின்னறையில் தங்கியிருப்பதாகவும், என்னைப் பார்க்கத்தான் வந்திருப்பதாகவும் சொன்னார்.

2

அலுவலகத்தில் எனக்கு ஒரு வேலை காத்திருந்தது. மனித உரிமைப் பிரகடனம் வெளிவந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. அதன் சுருக்கத்தைத் தமிழாக்கி, மாலை நான்கு மணிக்கு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டுப் பங்கிட்டுக்கொண்ட தேயிலைத் தோட்டத் தமிழர்கள் இவர்கள். ராமேஸ்வரத்தில் இறங்கி, முகாமில் காத்திருந்து, இப்போது எங்கள் துறைமுகத்துக்கு அருகே தகரக் கொட்டகையில் காத்திருக்கிறார்கள். தெற்கே ஒரு தீவில் ரப்பர்த் தோட்டம் போடுகிறார்கள். இவர்களுக்கு அங்கே வேலையும் வீடும் என்பது ஏற்பாடு.

அந்தத் தீவின் பெயரை எழுதவில்லை. கார் நிக்கோபார் தீவையும் தாண்டிக் கப்பலில் இன்னொரு இரவு போக வேண்டும். அங்கே இருப்பவர்களின் சம்மதம் கேட்காமல் அவர்களைப் பற்றி ஒருமுறை எழுதிவிட்டேன். இரண்டாம் முறையும் கேட்காமல் எழுத மனம் இல்லை. கீழே வரும் சாமுவேல் என்ற பெயரும் நான் வைத்ததுதான்.

மொழிபெயர்ப்பு பதினைந்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்தேன். சொத்தைப் பற்றிய வரியில் நின்றுவிட்டேன். மனிதன் தனியாகவும் சொத்து வைத்துக்கொள்ளலாம், பிறரோடு சேர்ந்தும் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. தமிழில் சுலபமாகவே வந்தது. ஆனால் எங்கள் அலுவலகப் படிவத்தில் உரிமையாளர் பெயருக்கு இருப்பது ஒரே ஒரு வரி, அதுவும் இரண்டரை அங்குலம். வெள்ளைக்காரன் காலத்துப் படிவம். மேலே இருந்த முத்திரை மாறியது. பத்திகள் மாறவில்லை.

3

பத்து நாற்பதுக்குச் சாமுவேல் வந்தார். நாற்பது வயதிருக்கும். காக்கி நிஜார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை, மேசையின் விளிம்பில் கையை வைத்து நின்றார். எங்களுக்குள் பொதுமொழி இந்திதான். இருவருக்கும் சொந்தமில்லாத மொழி. அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"பாபு, என்னை ஞாபகம் இருக்கா? நாலு வருஷத்துக்கு முன்ன நீங்க எங்க தோப்புல மரம் எண்ணினப்ப நான் அங்க இருந்தேன். ஒவ்வொரு தென்னையிலயும் சுண்ணாம்பால நம்பர் போட்டீங்க."

"இருநூற்றுப் பதினாலு" என்றேன். எனக்கு எண்கள் மறப்பதில்லை.

"இருநூற்றுப் பதினஞ்சு. ஒண்ணுல நாங்க சாய்ஞ்சு நின்னோம். அதை விட்டுட்டீங்க."

குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. எனக்கு உதவுவது போலச் சொன்னார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். தோப்பில் பாதியை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வெட்டி மூன்று வரிசை வீடுகள் கட்டிவிட்டார்கள். மீதி மரங்களில் இரண்டு மாதத்துக்கு முன் சிவப்புக் குறி போட்டார்கள். அங்கே உள்ள மேஸ்திரியிடம் கேட்டபோது, போர்ட் பிளேரில் ஒரு தாள் இருக்கிறது, அந்த இடத்துக்கு யாரும் இல்லை என்று அதில் எழுதியிருக்கிறது என்றாராம்.

கோப்பை எடுத்தேன். என் கையெழுத்துத்தான். உரிமையாளர்: கேட்டும் எவரும் தெரிவிக்கவில்லை, இல்லை. பயன்பாடு: இல்லை, காய்கள் பொறுக்கப்படாமல் முளைத்துக் கிடக்கின்றன. தேதி, நேரம், கையெழுத்து. அதன்மேல் ஒரு புதிய உத்தரவு செருகப்பட்டிருந்தது. மீதித் தோப்பை வெட்டும் உத்தரவு. வியாழக்கிழமைக் கப்பலில் போக வேண்டியது.

"நான் கேட்டேனே" என்றேன். "யாருடைய தோப்பு என்று மூன்று தடவை கேட்டேன். எட்டுப் பேர் நின்றீர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை."

"நீங்க பேரைக் கேட்டீங்க. என் மாமா பேரு அது. அவர் போயி அப்ப நாலு மாசம். எங்க வீட்டுல போனவங்க பேரை யாரும் சொல்லக் கூடாது."

"வேறு யாராவது பேரைச் சொல்லியிருக்கலாமே. உங்க பேரையே."

"தோட்டம் அப்ப அவர்கிட்டதான் இருந்துது. என் பேரைச் சொன்னா பொய்."

"காய்கள் அப்படியே கிடந்தனவே?"

"அதுவும் அதுக்குத்தான். எடுக்கக் கூடாது. பன்னிங்க வளரணும், விருந்து வெக்கணும், மாமாவோட எலும்பைத் தோண்டிக் கழுவி எடுத்து வெக்கணும். சர்ச்சுக்கும் போறோம், இதையும் செய்யறோம். இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். அதுக்கப்புறம்தான் தோப்பு எங்க கைக்கு வரும்."

அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"வெட்டினதைக் கேக்கல. மீதியில கோடாலி வேணாம். மாமா அங்கதான் இருக்கார். அப்புறம் அந்தத் தாள்ல யாரும் இல்லைன்னு இருக்கு பாபு. நாங்க அங்க நின்னோம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பதினேழு ஆண்டுகளாக ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர்களிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

4

1970 பிப்ரவரியில் நான் அந்தத் தோப்பில் நின்ற மூன்று நாட்களும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. மதியம் எடுத்துப் பார்த்தேன். வெப்பம், மரங்களின் எண்ணிக்கை, பக்கத்துத் தோப்பில் குடித்த இளநீர்கூட இருக்கிறது. "மக்கள் சாதுவானவர்கள், பேசத் தெரியாதவர்கள்" என்று ஒரு வரியும் இருக்கிறது. அந்த வரியைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் நம் ஊரில் தெரு முழுக்க ஒப்பாரி கேட்கும். அழுகை என்றால் சத்தமாக இருக்கும் என்றே எண்ணி வளர்ந்தவன் நான். பேசாமல் எட்டுப் பேர் நின்றதைப் பார்த்து, இவர்களுக்குச் சொல்ல எதுவுமில்லை என்று முடிவுகட்டினேன்.

இந்தத் தவறை நான் தீவுக்கு வந்து கற்றுக்கொள்ளவில்லை. என் தகப்பனார் பரமக்குடிப் பக்கம் ஒரு கணக்குப்பிள்ளையிடம் எழுத்துவேலை பார்த்தார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். கண்மாய்க்கு மேற்கே ஒரு பெரிய வெளி இருந்தது. அறுவடைக்குப் பிறகு இடையர்கள் ஆடுகளோடு வந்து நான்கு மாதம் அங்கே தங்குவார்கள். மற்ற மாதங்களில் வெறும் மண். என் தகப்பனார் சரிபார்க்கப் போனது ஆடி மாதம். தரிசு என்று எழுதினார். இடையர்கள் அடுத்த தை மாதம் வந்தபோது அங்கே கம்பி வேலி இருந்தது. அவர்கள் கணக்குப்பிள்ளை வீட்டு வாசலில் ஒரு பகல் முழுக்க நின்றதைப் பார்த்திருக்கிறேன். என் தகப்பனார் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை. தான் போய்ப் பார்த்த மாதத்தில் என்ன கண்ணில் பட்டதோ அதை எழுதினார்.

அப்போது எங்களை ஆண்டது வெள்ளைக்காரன். அவன் போன பிறகு அதே பொருளுள்ள சொல்லை எடுத்துக்கொண்டு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடல் தாண்டி வந்து, ஒரு தென்னந்தோப்பின் நடுவில் நின்று நான் எழுதினேன். இந்த முறை ஆண்டது நாம்.

5

மூன்று மணிக்கு மேலதிகாரியிடம் போனேன். வங்காளி, அறுபதை நெருங்குகிறவர், யாரையும் அதட்டியதில்லை. திருத்தக் குறிப்பு எழுதலாமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நடராஜன், உங்கள் குறிப்பு வந்தால் உத்தரவை நான் நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஆனால் தவறு என்று நீங்களே எழுதினால் உங்கள் சர்வீஸ் புத்தகத்தில் ஏறும். மதுரைக்கு மாற்றல் கேட்டிருக்கிறீர்கள். இந்த வருடம் கிடைக்கும் போலிருந்தது."

"தெரியும் ஐயா."

"எனக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், பரிசால் என்ற ஊரில் ஒரு வீடு இருந்தது. குளம், பதினெட்டு பாக்கு மரம். பிரிவினையில் போயிற்று. எனக்கு யார் திருத்தக் குறிப்பு எழுதினார்கள்?" கோபமில்லாமல்தான் கேட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "கொட்டகைக்குப் போங்கள், நேரமாகிறது" என்றார்.

கொட்டகையில் அறுபது பேர் இருந்தார்கள். வாசித்தேன். நாட்டுரிமை பற்றிய இடம் வந்ததும் செல்லம்மா கையைத் தூக்கினாள். அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள், கணவன் இல்லை, மூன்று பிள்ளைகள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வீடு என்னாச்சு என்று அலுவலகத்துக்கு வந்து கேட்பவள்.

"இது எந்த வருசம் எழுதுனது தொரை?"

"நாற்பத்தெட்டு. துரைன்னு கூப்பிடாதம்மா."

கொட்டகையில் சிரிப்பு எழுந்தது. "அந்த வருசந்தான் அங்க குடியுரிமையில எங்க பேர வெட்டுனாங்க" என்றாள். "அவங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள இவங்க வெட்டிப்புட்டாங்க. யாரு மொதல்லனு பந்தயம் போல."

வாசித்து முடித்த பிறகு அவளைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு ஒதுக்கிய வீடு அந்த மீதித் தோப்பில் வருவது. நான் திருத்தி எழுதினால் வேறு இடம் பார்க்கும்வரை வீடு இல்லை.

"கொட்டாயில இன்னொரு மழையா?"

"ஆமாம்."

"ஆளு இருக்குற எடத்தை ஆளு இல்லைனு எழுதுனது யாரு?"

"நான்தான்."

"பெரட்டுல நின்னவளுக்கே பேரு போடாத கங்காணிய பாத்திருக்கேன். நீங்க அவனுக்கும் மேல" என்றாள். பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆளெடுப்பது. "அவங்களுக்கு எழுதுங்க. எங்களுக்கும் எழுதுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே எடத்தை எதுக்குய்யா எழுதுறீங்க? இத்தனை பெரிய கவுருமெண்டுக்கு வேற எடமே இல்லையா?"

"அப்போ திருத்தி எழுதட்டுமா?"

"நான் சரினு சொல்லல. சொல்லவும் மாட்டேன். எம்புள்ளைக தகரத்துக்குக் கீழ கெடக்குதுக. எழுதுறதா இருந்தா அதையும் சேத்து எழுதுங்க."

அவளுடைய சம்மதத்தை வாங்கிக்கொண்டு மனச்சுமையைக் குறைத்துக்கொள்ளலாம் என்றுதான் நான் அவளைக் கூப்பிட்டிருக்கிறேன். நடந்து வரும்போதுதான் அது எனக்கே விளங்கியது. அவள் தரவில்லை. தராதது நியாயம்.

திரும்பும் வழியில் அலுவலகத்தில் ஒரு காரியம் செய்தேன். பழைய குடிக்கணக்குப் பதிவேட்டில் சாமுவேலின் குடும்பத்தைத் தேடினேன். இறந்த மாமாவின் பெயர் இருந்தது. வயது, தந்தை பெயர், மர எண்ணிக்கை எல்லாம் இருந்தன. கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருக்கலாம். யாரும் பார்க்கச் சொல்லவில்லை. சொல்லத்தானே கூடாது, எழுதுவதில் தவறில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பெயரைக் குறித்துக்கொண்டேன். காலிப் பத்தி ஒன்று நிரம்பியதில் ஒரு திருப்தி இருந்ததையும் மறைப்பதற்கில்லை.

6

ஆறு மணிக்கு வீட்டில் வசந்தி நின்றுகொண்டு பாஷணைச் சொல்லிப் பார்த்தாள். சரோஜா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். சுதந்திர நாடான நாம், தீவுகளின் பின்தங்கிய மக்களுக்கும் உரிமைகளை வழங்கியிருக்கிறோம் என்று இந்தியில் ஒரு வாக்கியம்.

"வழங்கினோம்னு ஏன் சொல்றே?" என்றேன்.

"டீச்சர் எழுதிக் குடுத்தாங்க அப்பா. நல்லா இருக்குல்ல?"

"யாரோட பொருளை வழங்கினோம்?"

"உங்ககிட்ட பாயிண்ட்ஸ் கேட்டா நீங்க கொஸ்டின் கேக்கறீங்க" என்று உட்கார்ந்துவிட்டாள்.

விவாதிக்கத் தெம்பில்லை. மேசையில் அமர்ந்து திருத்தக் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதினேன், ஒன்றரைப் பக்கம். நான் பார்த்ததும், பார்த்ததைத் தவறாகப் புரிந்துகொண்டதும், மரங்கள் இருநூற்றுப் பதினைந்து என்பதும். மீதியை வெட்டக் கூடாது என்பது, கொட்டகைக் குடும்பங்களுக்கு உடனே வேறிடம் வேண்டும் என்பது, பிள்ளைகளின் எண்ணிக்கையோடு. முதல் அறிக்கையைச் சாமுவேலின் குடும்பத்தில் யாருக்கும் நான் வாசித்துக் காட்டவில்லை. இதையாவது காட்ட வேண்டும் என்று தோன்றியது. சாமுவேலுக்கு இங்கிலீஷ் தெரியாது. என் இந்தி, பேச்சுக்கே தள்ளாடும்.

வசந்தியைக் கூப்பிட்டு, நான் சொல்லச் சொல்ல இந்தியில் எழுதச் சொன்னேன். வேகமாக எழுதினாள். இடையில் என் இந்தியைத் திருத்தினாள், ஒருமுறை சிரித்தாள். இரண்டாவது பத்தியில் பேனா நின்றது.

"'கல்தி மேரீ ஹை'ன்னு வருது அப்பா. யாரோட கல்தி?"

"தப்பு என்னோடது."

"ஆபீஸோடதுன்னு போடலாமே. எல்லாரும் அப்படித்தான போடுவாங்க."

"எண்ணினது நான்தானே."

சரோஜா அரிசியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "மதுரை?" என்று மட்டும் கேட்டாள். அவளுடைய தாயார் அங்கே படுத்த படுக்கையாக இருக்கிறார். ஒவ்வொரு கப்பலுக்கும் கடிதம் வருகிறது. "இந்த வருஷம் இருக்காது" என்றேன். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாப்பிடும்போதும் பேசவில்லை. அவள் பேசாமலிருப்பதில் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ள இன்று என்னால் முடியவில்லை.

வசந்தி பிரதியை முடித்து, கீழே கோடு போட்டு, மை உலர ஊதிக் கொடுத்தாள். பிறகு தன் பாஷண் தாளை எடுத்து ஒரு வாக்கியத்தை அடித்தாள். எதை என்று நான் கேட்கவில்லை. ஒன்பது மணிக்குப் படுத்தேன்.

7

டிசம்பர் 11, செவ்வாய். முதலில் செய்தது இது. தண்ணீர் பிடிப்பதற்கு நிற்காமல், ஐந்தரைக்கே மரைக்காயர் கடைக்குப் போனேன். சாமுவேல் பின்னறை வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். கொப்பரை மூட்டைமேல் உட்காரச் சொன்னார், தானும் உட்கார்ந்தார். இந்திப் பிரதியைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். நான்காவது வரியில், தோப்பின் உரிமையாளர் காலஞ்சென்ற என்ற இடத்துக்கு அடுத்து, என் மகளின் அழகான கையெழுத்தில் அந்தப் பெயர் இருந்தது. சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். தாளை அவர் கண்ணுக்குப் படாமல் சாய்த்துக்கொண்டு, பேனாவைத் திறந்து, அந்தப் பெயரை எழுத்துத் தெரியாதபடி அடித்தேன். ஆங்கிலப் பிரதியை எடுத்து அதிலும் அடித்தேன். காலியாக விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எனவே அந்த இடத்துக்கு மேலே இரண்டு பிரதிகளிலும் எழுதினேன்: "உரிமையாளர் உண்டு. பெயர் சொல்லப்படாது." எழுதியதை வாசித்தேன்.

"இன்னொரு தடவை வாசிங்க" என்றார்.

வாசித்தேன்.